பி.டி.எஸ்.டி. கோச் செயலி: தண்டனைக்கு முன்னால் கேட்க வேண்டிய 20 கேள்விகள்

அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை, பாதுகாப்புத் துறையோடு சேர்ந்து 2011-இல் வெளியிட்ட 'பி.டி.எஸ்.டி. கோச்' செயலியை இரண்டு வாரங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். பி.டி.எஸ்.டி. என்பது போர் போன்ற கொடிய அனுபவத்துக்குப் பின் நீடிக்கும் மன அதிர்ச்சிப் பாதிப்பு; அதைச் சமாளிக்க உதவுவதே இந்தச் செயலி. கட்டணம் கிடையாது, கணக்குத் தொடங்க வேண்டியதும் இல்லை. விஷயம் மேலதிகாரியின் காதுக்குப் போய்விடுமோ என்று அஞ்சி மருத்துவரிடமே போகாத படைவீரருக்கு இது பெரிய ஆறுதல்.

நான் அதிக நேரம் செலவிட்டது, கடந்த ஒரு மாதத்து மனநிலையை அளக்கும் 20 கேள்விகளில்தான். 15-ஆவது கேள்வி, எரிந்து விழுவதையும் முரட்டுத்தனமாக நடந்துகொள்வதையும் பற்றியது. 16-ஆவது, தனக்கே தீங்கு தரக்கூடிய காரியங்களில் துணிந்து இறங்குவதைப் பற்றியது. இதே நடத்தைகளுக்குப் படைமுகாமில் வேறு பெயர்கள் உண்டு: அதிகாரியை எதிர்த்துப் பேசியது, சக வீரரை அடித்தது, குடித்துவிட்டு வண்டி ஓட்டியது. மருத்துவர் அறிகுறி என்று குறித்துக்கொள்வதை ஒழுங்கு விசாரணை குற்றம் என்று எழுதிவிடுகிறது.

இது எத்தனை பேரைப் பாதிக்கிறது என்பதை, அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2017-இல் வெளியிட்ட அறிக்கையில் காணலாம். 2011 முதல் 2015 வரையிலான நிதியாண்டுகளில் ஒழுங்கீனத்துக்காகப் படையிலிருந்து நீக்கப்பட்ட 91,764 பேரில் 57,141 பேருக்கு, அதாவது 62 சதவீதத்தினருக்கு, நீக்கத்துக்கு முந்தைய 2 ஆண்டுகளுக்குள் மன அதிர்ச்சிப் பாதிப்போ, மூளைக்காயமோ, ஒழுங்கீனத்தோடு தொடர்புடையதாக இருக்கக்கூடிய வேறு கோளாறோ கண்டறியப்பட்டிருந்தது. அவர்களில் 13,283 பேர் பெற்ற நீக்கச் சான்று, முன்னாள் வீரருக்குரிய மருத்துவ உதவியையே இழக்கச் செய்யக்கூடியது. எல்லாத் தவறுக்கும் மன அழுத்தமே காரணம் என்று நான் சொல்லவில்லை. அடிபட்டவருக்கும் நியாயம் கிடைக்கத்தான் வேண்டும். ஆனால் சிகிச்சை மிக அதிகம் தேவைப்படும் நேரத்தில் ஒருவரை அதிலிருந்து விலக்குவது எனக்குக் கொடுமையாகவே படுகிறது.

பயிற்சிப் பகுதியும் பயனுள்ளது. 'கோபம்' என்பதைத் தொட்டால் வெப்பமானி போன்ற ஓர் அளவுகோல் வரும். அதில் நம் தவிப்பைக் குறித்துவிட்டு மூச்சுப் பயிற்சியைச் செய்து முடித்ததும் மறுபடியும் குறிக்க வேண்டும். முதல் நாள் நான் 7-இல் தொடங்கி 4-க்கு இறங்கினேன். தமிழில் இல்லாதது ஒரு குறை.

பயன்படுத்தும் வீரருக்கு ஒன்று சொல்வேன்: அந்த 20 கேள்விகளில் பெறும் மதிப்பெண் கூடிக்கொண்டே போனால் அதைக் கைபேசியிலேயே வைத்துக்கொள்ளாமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். விசாரணைக்கு முன்பே, தேதியோடு மருத்துவக் கோப்பில் ஏறிய பதிவு, பின்னாளில் நீக்கத்தை மறுஆய்வு செய்யும் வாரியத்தின் முன் வலுவான ஆதாரமாக நிற்கும்.