கோர்க் க்ரோனோஸ்: இந்த வரிசைக்கு அடுத்தது என்ன?

கொழும்பில் திருமண வரவேற்புகளிலும் கொட்டாஞ்சேனையில் ஒரு தேவாலயப் பாடகர் குழுவிலும் வாசிக்கும் எனக்கு, ஜப்பானின் கோர்க் நிறுவனம் தயாரித்த க்ரோனோஸ் 88 விசைக் கீபோர்டை விட நம்பகமான துணை இதுவரை வாய்த்ததில்லை. 2011இல் அறிமுகமான இந்த வரிசையின் தயாரிப்பு நின்றுவிட்டது. ஆகவே, அதை மதிப்பிடும்போது அதன் வாரிசு எப்படியிருக்கும் என்ற கேள்வியையும் தவிர்க்க முடியாது.

பியானோ, ஓகன், எஃப்.எம். (ஓர் அலையால் மற்றோர் அலையை மாற்றி ஒலி உண்டாக்கும் முறை), பழைய அனலொக் ஒலிகள் முதலியவற்றை உருவாக்கும் ஒன்பது எஞ்சின்கள் ஒரே பெட்டிக்குள் இருப்பது பெரிய வசதிதான். ஆனால் மேடையில் என்னைக் கவர்ந்தது, நிகழ்ச்சிக்குத் தேவையான ஒலிகளை வரிசையாக அடுக்கிவைக்கும் செட் லிஸ்ட். தொடுதிரையில் ஒரே பார்வையில் 16 கட்டங்கள். மணமக்கள் உள்ளே வரும்போது வயலின் கூட்டொலியைப் பிடித்தபடியே அடுத்த கட்டத்தைத் தொட்டால், பிடித்திருக்கும் ஒலி அறுபடாமல் நிற்க, அதன்மேல் பியானோ தொடங்குகிறது. தேவாலயத்தில் ஓகன் வாசிக்கும்போது ஒன்பது ஸ்லைடர்களும் டிரோபார்களாக (ஓகனின் தொனியை மாற்றும் இழுகோல்களாக) விரலுக்கடியில் வந்துவிடுகின்றன.

குறைகளும் உண்டு. 88 விசை மாதிரியின் எடை ஏறத்தாழ 23 கிலோ. இயங்கத் தொடங்க இரண்டு நிமிடங்களுக்கு மேலாகும் என்பதால், நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீண்ட 2022இல் யூ.பி.எஸ். இல்லாமல் இதை மேடையேற்ற நான் துணியவில்லை.

பின்பு வந்த கோர்க்கின் நோட்டிலஸ் கீபோர்டில் அதே ஒன்பது எஞ்சின்கள் இருந்தாலும் ஸ்லைடர்கள் இல்லை. விசையை மேலும் அழுத்தி ஒலியை அசைக்க உதவும் ஆஃப்டர்டச் முதலில் விடுபட்டு, பின்னர் வேறொரு மாதிரியில்தான் திரும்பியது. கமகத்தை விரலழுத்தத்தாலும் ஜொய்ஸ்டிக்காலும் கொண்டுவர முயலும் நம்மைப் போன்றவர்களுக்கு இது சிறிய இழப்பன்று. எனவே அதை முழு வாரிசாக ஏற்க என் மனம் இடங்கொடுக்கவில்லை.

ஆயினும் நம்பிக்கைக்குக் காரணமுண்டு. 2005இல் வந்த கோர்க்கின் ஓயசிஸ் கீபோர்ட் மிக விலையுயர்ந்த கருவி. அதன் தயாரிப்பு 2009இல் நின்றபின், அதன் தொழில்நுட்பத்தை விரிவாக்கி, மிகக் குறைந்த விலையில் க்ரோனோஸாகத் தந்தது இதே நிறுவனம். க்ரோனோஸின் உள்ளே இருப்பது இன்டெல் அட்டம் செயலியில் லினக்ஸ் ஓடும் ஒரு கணினி. கோர்க்கின் பிந்திய சின்தசைசர்களான வேவ்ஸ்டேட், ஒப்சிக்ஸ், மொட்வேவ் மூன்றும் ராஸ்பெரி பை என்னும் சிறு கணினிப் பலகையில் இயங்குகின்றன. அடுத்த உயர்தரக் கீபோர்டும் அத்தகைய சிறிய செயலியின் மீதே எழும் என்பது என் ஊகம். யமஹா 2023இல் மொன்டாஜ் எம் கீபோர்ட் வரிசையில் அனலொக் ஒலிகளுக்கான ஏஎன்-எக்ஸ் எஞ்சினைச் சேர்த்துவிட்ட நிலையில், கோர்க் நெடுநாள் பொறுத்திருக்க முடியாது.

அதுவரை பழைய க்ரோனோஸ் வாங்க எண்ணுவோர், கடையில் கருவியை முற்றாக அணைத்து மீண்டும் இயக்கச் சொல்லி, திரையின் நான்கு மூலைகளையும் தொட்டு, ஒவ்வொரு விசையையும் மெதுவாகவும் பலமாகவும் அழுத்திப் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.