ஏபிஐ கையொப்பம்: ஹெச்மேக், பொதுச்சாவி, டீபாப், எது எங்கே பொருந்தும்?

ஏபிஐ கோரிக்கையை (ஒரு நிரல் இன்னொரு நிரலிடம் கேட்பதை) அனுப்பியது யார், இடையில் அது மாறவில்லையா என்று உறுதிசெய்ய எந்தக் கையொப்ப முறை என்பதை, சாவி யாருடைய கணினியில் இருக்கப்போகிறது என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அல்காரிதம் பிறகு. சர்வருக்குப் பொருத்தமான முறையை அப்படியே பிரவுசருக்கு நகர்த்தினால் அது பார்வைக்கு மட்டுமே கையொப்பமாக இருக்கும்.

கையொப்பமே இல்லாத பேரர் டோக்கனிலிருந்து (யார் கையில் இருந்தாலும் ஏற்கப்படும் அனுமதிச் சீட்டு) தொடங்கலாம். ஏபிஐக்கு அனுமதி வழங்கும் தரமான ஓஆத், 2010இல் ஆர்எஃப்சி (இணையத் தர ஆவணம்) ஆன தன் 1.0 பதிப்பில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் கையொப்பம் கேட்டது. 2012இல் ஓஆத் 2.0 அந்த வேலையை, இணைப்பையே மறையாக்கும் டிஎல்எஸ்ஸிடம் விட்டுவிட்டு, டோக்கனை ஹெடரில் வைத்து அனுப்பினால் போதும் என்றது. நிரலாளர்களுக்கு நிம்மதிதான். ஆனால் லாக் கோப்பிலோ தவறாக அமைத்த பிராக்ஸியிலோ அந்த டோக்கன் ஒருமுறை சிக்கினால், காலாவதியாகும்வரை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். கீழே வரும் முறைகளில் பெரும்பாலானவை இந்த ஓட்டையை அடைக்கவே.

ஒரே நிறுவனத்தின் இரண்டு சர்வர்கள் பேசிக்கொள்ள ஹெச்மேக்-எஸ்ஹெச்ஏ-256 போதும்; இரு பக்கமும் பகிர்ந்துகொண்ட ஒரே ரகசியத்தால் கையொப்பமிடும் முறை இது. வேகமானது, எல்லா மொழியிலும் இருக்கிறது, 32 பைட் ரேண்டம் ரகசியம் ஒன்று போதும். மெத்தட், பாத், வரிசைப்படுத்திய குவெரி, நேர முத்திரை, நான்ஸ் (ஒருமுறை மட்டும் பயன்படும் மதிப்பு), பாடியின் ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சுருக்கக் குறி) ஆகியவற்றைப் புது வரிக் குறியால் இணைத்து ஒரே சரமாக்கி அதற்குக் கையொப்பமிட வேண்டும். இடையில் பிரிப்பான் வைக்காமல் ஒட்டினால், ஒரு புலத்தின் வால் அடுத்த புலத்தின் தலையாகி, இரு வேறு கோரிக்கைகளுக்கு ஒரே கையொப்பம் வந்துவிடலாம்.

கணக்கு எளிது, இரண்டு பக்கமும் ஒரே சரத்தை உருவாக்குவதுதான் பாடு. ஜாவாஸ்கிரிப்டின் என்கோட் யூஆர்ஐ காம்பொனன்ட் ஆச்சரியக்குறி, ஒற்றை மேற்கோள், அடைப்புக்குறிகள், நட்சத்திரம் ஆகியவற்றைத் தொடாது. ஆர்எஃப்சி 3986 இவற்றை ஒதுக்கிய குறிகளில் சேர்ப்பதால், அதைக் கறாராகப் பின்பற்றும் சர்வர் மாற்றித்தான் எழுதும். வெற்றிடத்தை ஒரு பக்கம் + என்றும் மறுபக்கம் %20 என்றும் எழுதினாலும் அதே கதி. பெயரில் அடைப்புக்குறி உள்ள ஒரு கோப்பு வரும்வரை எல்லாச் சோதனையும் பச்சையாகவே இருக்கும்.

அடுத்தது பாடி. வந்த ஜேசனைப் பார்ஸ் செய்து மறுபடி சரமாக்கி ஹாஷ் எடுத்தால் வெற்றிடமும் எண் வடிவமும் மாறிப்போகும். எனவே மூல பைட்டுகள் மீதே ஹாஷ் எடுக்க வேண்டும். நோடின் வெப் சட்டகமான எக்ஸ்பிரஸில் ஜேசன் மிடில்வேரின் வெரிஃபை விருப்பத்தேர்வில் மூலப் பஃபர் கிடைக்கும். அங்கேயே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பிடும்போது சாதாரண சமக்குறி வேண்டாம், ஒப்பிட ஆகும் நேரமே கையொப்பத்தைக் காட்டிக்கொடுக்கலாம். நோடில் டைமிங் சேஃப் ஈக்குவல், பைத்தானில் கம்பேர் டைஜஸ்ட். நோடின் ஃபங்ஷன் இரு பஃபர்களின் நீளம் வேறாக இருந்தால் எக்ஸெப்ஷன் எறியும். நீளத்தை முதலில் பார்க்காவிட்டால், அரைகுறைக் கையொப்பம் அனுப்பியவருக்கு 401க்குப் (அங்கீகாரம் இல்லை) பதில் 500 (சர்வர் பிழை) போகும்.

நேர வரம்பு ±5 நிமிடம் என்றால் நான்ஸை 10 நிமிடமாவது நினைவில் வைத்திருக்க வேண்டும். 5 நிமிடம் முன்னே ஓடும் கடிகாரத்திலிருந்து வந்த கோரிக்கை அதுவரை செல்லுபடியாகும் என்பதால், 5 நிமிடத்தில் நான்ஸை அழித்தால் பிடித்த கோரிக்கையை அப்படியே மறுபடி அனுப்பும் தாக்குதலுக்குக் கதவு திறந்துவிடும்.

ஹெச்மேக் முறைகளில் நன்றாக யோசித்துக் கட்டியது அமேசான் கிளவுடின் கையொப்ப முறையான சிக்வி4. மூல ரகசியத்தால் நேரடியாகக் கையொப்பமிடாமல் தேதி, ரீஜியன், சர்வீஸ் என்று படிப்படியாகச் சாவி வருவிக்கிறது; வருவித்த சாவி கசிந்தாலும் சேதம் குறுகிய காலத்தோடும் அந்த ரீஜியனின் அந்தச் சேவையோடும் நிற்கும். கையொப்பம் பொருந்தாதபோது அமேசானின் கோப்புச் சேமிப்புச் சேவையான எஸ்3, தான் உருவாக்கிய சரத்தையே பிழைச் செய்தியில் திருப்பித் தருகிறது. சொந்த ஏபிஐயிலும் சோதனைச் சூழலில் இதைச் செய்யுங்கள். பாதிப் புகார்கள் அங்கேயே தீரும்.

வேறு நிறுவனங்களுக்கு ஏபிஐ திறக்கிறீர்கள் என்றால் ஹெச்மேக் இடறுகிறது. சரிபார்க்கும் பக்கத்திலும் அதே ரகசியம் இருப்பதால் உங்கள் டேட்டாபேஸ் கசிந்தால் எல்லா வாடிக்கையாளர் பெயரிலும் கையொப்பமிடலாம்; "இந்தக் கோரிக்கை நாங்கள் அனுப்பியதல்ல" என்று ஒருவர் மறுத்தால் நிரூபிக்கவும் வழியில்லை. இங்கே பொதுச்சாவி முறைதான் சரி: அனுப்புபவர் தன் ரகசியச் சாவியால் கையொப்பமிட, நீங்கள் அவருடைய பொதுச்சாவியால் சரிபார்ப்பீர்கள். 2024 பிப்ரவரியில் வந்த ஆர்எஃப்சி 9421 எந்தெந்தப் பகுதிகளுக்குக் கையொப்பம் என்பதைக் கோரிக்கையிலேயே அறிவிக்க வைக்கிறது. பாடிக்கு ஆர்எஃப்சி 9530இன் கன்டென்ட்-டைஜஸ்ட் ஹெடரைச் சேர்த்துக் கையொப்பமிட வேண்டும். அதை விட்டுவிட்டால் பாடியை மாற்றினாலும் கையொப்பம் செல்லுபடியாகும்.

இதில் அடிக்கடி இடிக்கும் இடம் ஈசிடிஎஸ்ஏ பி-256 என்ற பொதுச்சாவி அல்காரிதம். பிரவுசரில் உள்ளமைந்த வெப் கிரிப்டோ, கையொப்பத்தை 64 பைட் நேர்வடிவில் தரும். நோட் இயல்பாக டெர் என்ற உறையிட்ட வடிவில், பெரும்பாலும் 70 முதல் 72 பைட்டாகத் தரும். நோடில் டிஎஸ்ஏ என்கோடிங்கை ஐஇஇஇ-பி1363 என்று மாற்றினால் பொருந்தும். எட்25519 என்ற மாற்று அல்காரிதத்தில் எப்போதும் 64 பைட்டுதான், இந்தக் குழப்பமே இல்லை.

பிரவுசருக்கு வருவோம். பகிர்ந்த ஹெச்மேக் ரகசியத்தை ஜாவாஸ்கிரிப்ட் பண்டிலில் (பிரவுசருக்கு அனுப்பும் நிரல் கோப்பில்) வைப்பது பாதுகாப்பே அல்ல. சூழல் மாறியில் வைத்தேன் என்பார்கள். பில்ட் நேரத்தில் அதன் மதிப்பு பண்டிலுக்குள் எழுதப்படுகிறது, டெவ் டூல்ஸ் திறந்தால் தெரியும். குழப்பி எழுதினால் திருடுபவருக்குக் கூடுதலாகக் கொஞ்ச நேரம் ஆகும், அவ்வளவே.

உண்மையில் பயன்படுவது ஒவ்வொரு பிரவுசரும் தனக்கென உருவாக்கும் சாவி. வெப் கிரிப்டோவில் எக்ஸ்ட்ராக்டபிள் மதிப்பை ஃபால்ஸ் என்று கொடுத்து உருவாக்கி, சாவிப் பொருளை பிரவுசரின் சேமிப்பிடமான இன்டெக்ஸ்டுடிபியில் வைக்கலாம். ரகசிய பைட்டுகள் ஜாவாஸ்கிரிப்டுக்குக் கிடைக்காது. எக்ஸ்எஸ்எஸ் (பக்கத்துக்குள் அந்நிய ஸ்கிரிப்டைப் புகுத்தும் தாக்குதல்) புகுந்தால் பக்கம் திறந்திருக்கும்வரை அந்தச் சாவியால் கையொப்பமிடவைக்கலாம், ஆனால் சாவியை வெளியே கொண்டுபோக முடியாது. 2023இன் டீபாப், அதாவது ஆர்எஃப்சி 9449, இதை ஓஆத் டோக்கனோடு கட்டுகிறது. எதிர்பார்ப்பை அளவாக வையுங்கள்: அது மெத்தடையும் யூஆர்எல்லையும் மட்டுமே காக்கும், குவெரியும் பாடியும் அதில் சேராது. பிராக்ஸிக்குப் பின்னால் இருக்கும் சர்வர் தன் முகவரியை எச்டிடிபிஎஸ் என்பதற்குப் பதில் எச்டிடிபி என்று நினைத்துக்கொண்டால், கையொப்பத்திலுள்ள யூஆர்எல் பொருந்தாமல் ஒவ்வொரு கோரிக்கையும் நிராகரிக்கப்படும். சஃபாரியில் ஏழு நாள் பயன்பாட்டில் பயனர் தளத்தைத் தொடாவிட்டால் சாவி அழியலாம், மறு உள்நுழைவுக்கு வழி வைத்திருங்கள்.

வேறு தளத்தின் ஏபிஐக்குப் போகும் கோரிக்கையில் கையொப்ப ஹெடர் வைத்தாலே சிஓஆர்எஸ் ப்ரீஃப்ளைட் வரும், அதாவது பிரவுசர் முன்கூட்டியே அனுமதி கேட்டு ஆப்ஷன்ஸ் கோரிக்கை அனுப்பும். அந்த ஆப்ஷன்ஸ் கோரிக்கையில் கையொப்பம் இருக்காது. அதற்கும் 401 கொடுக்கும் மிடில்வேர் பிரவுசரில் மட்டும் எல்லாவற்றையும் முடக்கும், கர்ல் கட்டளையில் எல்லாம் நன்றாக ஓடும். டேட், ஹோஸ்ட் ஹெடர்களைப் பிரவுசர் நிரல் எழுத முடியாது, நேரத்துக்குத் தனி ஹெடர் வேண்டும். பயனரின் கடிகாரம் பிசகியிருக்கும். அதைச் சரிக்கட்ட சர்வரின் டேட்டைப் படிக்க வேண்டுமானால் அக்சஸ்-கன்ட்ரோல்-எக்ஸ்போஸ்-ஹெடர்ஸில் அதைச் சேர்க்க வேண்டும்.

சொந்தத் தளத்தின் முன்முகத்துக்கு (ஃபிரன்ட்எண்டுக்கு) இத்தனையும் தேவையா? பெரும்பாலும் இல்லை. எச்டிடிபி-ஒன்லி, செக்யூர், சேம்சைட் குக்கீயோடு சிஎஸ்ஆர்எஃப் (பயனர் பெயரில் வேறு தளம் கோரிக்கை அனுப்பவைக்கும் தாக்குதல்) தடுப்பையும் வைத்து, வெளி ஏபிஐக்கான கையொப்பத்தை உங்கள் சர்வரே போடட்டும். பெரிய கோப்பு மட்டும் சர்வர் வழியாகப் போக வேண்டாம் என்றால் ப்ரீசைன்டு யூஆர்எல், அதாவது சர்வர் முன்கூட்டியே கையொப்பமிட்டுத் தரும், காலவரம்புள்ள முகவரி. சிக்வி4இல் உச்சம் 7 நாள், பதிவேற்றத்துக்குச் சில நிமிடங்களே போதும். யூஆர்எல் கையில் இருப்பவர் எவரும் பயன்படுத்தலாம் என்பதால் அது லாகில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கன்டென்ட்-டைப்பைச் சேர்த்துக் கையொப்பமிட்டிருந்தால் பிரவுசர் அனுப்புவதும் எழுத்துக்கு எழுத்து அதுவாகவே இருக்க வேண்டும்; இல்லையேல் 403 (அனுமதி மறுப்பு).

எந்த முறையானாலும் கோரிக்கையில் சாவியின் அடையாள எண்ணை முதல் நாளிலிருந்தே அனுப்புங்கள். பழைய சாவி, புதிய சாவி இரண்டையும் சில நாள் சேர்த்து ஏற்க முடிந்தால்தான் சேவையை நிறுத்தாமல் சாவி மாற்ற முடியும்.