அக்குமுலேஷன் டேபிள் வாங்கப் போகிறீர்களா? வீடியோவைப் பார்த்து ஆர்டர் போடாதீர்கள்

ஃபில்லருக்கும் (பாட்டிலில் பொருளை நிரப்பும் மெஷின்) லேபிள் மெஷினுக்கும் நடுவில், பாட்டில்களைச் சிறிது நேரம் சேர்த்து வைக்கும் அக்குமுலேஷன் டேபிளோ, கூட்டமாக வரும் பாட்டில்களை ஒற்றை வரிசையாக்கும் கன்வேயரோ வாங்கப் போகிறவர்கள் ஆர்டரில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்களுக்கு விற்ற நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை, பணத் தகராறு இன்னும் முடியவில்லை. பெயரைவிட அவர்கள் எப்படிச் செய்தார்கள் என்பது தெரிந்தால்தான் உங்களுக்குப் பயன்.

எங்கள் ஃபில்லர் நிமிடத்துக்கு 120 பாட்டில் ஓட்டும். அடுத்து மூடி போடும் மெஷின், அதற்கு அடுத்து லேபிள் மெஷின். லேபிள் ரோல் மாற்றும்போதெல்லாம், லேபிளில் அச்சிடும் ரிப்பன் அறுந்தபோதெல்லாம், ஃபில்லரும் சேர்ந்து நின்றது. ஃபில்லர் நின்று கிளம்பினால் முதலில் வரும் பாட்டில்களில் அளவு குறையும், நாசில் சொட்டும், அவற்றை ஒதுக்க வேண்டியிருக்கும். அதனால் நடுவில் சில நிமிடத்துக்கான பாட்டிலைத் தாங்கும் ஒரு டேபிளும், அதிலிருந்து ஒற்றை வரிசையாக எடுத்து லேபிள் மெஷினுக்குக் கொடுக்கும் கன்வேயரும் கேட்டோம். எங்களிடம் இரண்டு வகைப் பாட்டில்: 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டை, 90க்கு 50 அளவில் உயரமான ஓவல். இரண்டுக்கும் டிராயிங் அனுப்பினோம், சாம்பிள் பாட்டிலும் அனுப்பினோம். இரண்டும் ஓடும் என்று கொட்டேஷனிலேயே எழுதிக் கொடுத்தார்கள்.

அப்புறம் ஒரு வீடியோ வந்தது. பார்க்க அருமையாக இருக்கும். அதில் ஓடியது அடிப்பகுதி அகலமான, குட்டையான, உருண்டைப் பாட்டில், அதுவும் மெதுவாக. ஓவல் பாட்டில் எப்படி ஓடும் என்று கேட்டதற்கு, "இதே மாதிரிதான் ஓடும் சார், கைடு ரெயிலை மட்டும் நகர்த்தினால் போதும்" என்றார் விற்பனைக்கு வந்தவர். (கைடு ரெயில் என்றால் பாட்டில்கள் விலகாமல் ஓரத்தில் தடுத்து வழிகாட்டும் கம்பி.) அனுப்புவதற்கு முன் எங்கள் பாட்டிலைப் போட்டு அவர்கள் இடத்திலேயே ஓட்டிக் காட்ட வேண்டும் என்று கேட்டோம், சரி என்றார்கள். தேதி நெருங்கியபோது மெஷின் கழற்றிப் பேக் ஆகிவிட்டது, உங்கள் இடத்தில் வந்து ஓட்டிக் காட்டுகிறோம் என்று கடிதம் வந்தது. கூடவே இன்வாய்ஸ். "மெஷின் தயார் என்று தெரிவித்தவுடன் 90 சதவீதம்" என்பதுதான் அவர்களின் விற்பனை நிபந்தனை. தயார் என்றால் சோதனையில் தேறியது என்று அர்த்தம் இல்லை, அவர்கள் தயார் என்று சொன்னாலே போதும். இந்த ஒரு வரியை உங்கள் கொட்டேஷனில் தேடிப் பாருங்கள், கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும்.

முதலில் கொள்ளளவு. 1.5 மீட்டர் விட்டமுள்ள வட்ட டேபிள், 460 பாட்டில் பிடிக்கும், ஏறக்குறைய 4 நிமிடம் தாங்கும் என்று எழுதியிருந்தார்கள். இந்த 460 எங்கிருந்து வந்தது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், டேபிளின் பரப்பை ஒரு பாட்டிலின் அடிப்பரப்பால் வகுத்திருக்கிறார்கள். வட்டங்களை அடுக்கினால் நடுவே இடைவெளி விழும். மிக நெருக்கமாக, தேன்கூட்டு அடுக்கில் அடுக்கினாலும் வட்டங்கள் பரப்பில் 91 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் மூடும், அதாவது 416. அதுவும் விளிம்பே இல்லாத டேபிளில். விளிம்பு வளைவில் வீணாகும் இடம், பாட்டில் உள்ளே வரும் பாதை, வெளியே போகும் பாதை எல்லாம் கழித்தால் எங்களுக்குக் கிடைத்தது அவர்கள் சொன்னதில் பாதிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். ஓவல் பாட்டிலுக்கும் அதே 460ஐத்தான் போட்டிருந்தார்கள், அதற்கென்று தனிக் கணக்கே இல்லை.

கொள்ளளவை விடவும் முக்கியமான ஒன்று இருக்கிறது, அதை விற்கிறவர்கள் பேசவே மாட்டார்கள். ஃபில்லருக்குப் பின்னால் வரும் டேபிள் சாதாரண ஓட்டத்தில் காலியாக இருக்க வேண்டும். காலியாக இருந்தால்தான் லேபிள் மெஷின் நிற்கும்போது பாட்டில் வந்து சேர இடம் இருக்கும். (ஃபில்லருக்கு முன்னால் இருக்கும் டேபிள் இதற்கு நேர்மாறு, அது எப்போதும் நிரம்பியே இருக்க வேண்டும்.) ஒரு முறை நிரம்பிய டேபிளை மறுபடி காலி செய்ய வேண்டுமென்றால் லேபிள் மெஷின் ஃபில்லரைவிட வேகமாக ஓட வேண்டும். எங்கள் லேபிள் மெஷின் நிமிடத்துக்கு 140 பாட்டில் வரை ஓடும். 2 நிமிடம் நின்றால் 240 பாட்டில் சேரும், 140இல் ஓடினால் நிமிடத்துக்கு 20 பாட்டில் குறையும், 12 நிமிடத்தில் டேபிள் காலி. டேபிளில் பாட்டில் ஏற ஏற லேபிள் மெஷினின் வேகத்தைத் தானாகக் கூட்டுவோம் என்றுதான் கொட்டேஷனில் இருந்தது. வந்தது வெறும் ஓடு, நில் என்ற ஒரே ஒரு சிக்னல். வேகத்தைச் சொல்லும் இணைப்பே கிடையாது. லேபிள் மெஷின் 120இலேயே ஓடிக்கொண்டிருந்தது, டேபிள் ஒரு முறை நிரம்பினால் நிரம்பியபடியே இருந்தது, அடுத்த ரோல் மாற்றத்துக்கு ஃபில்லர் பழையபடி நின்றது. இத்தனை பணம் கட்டி டேபிள் வாங்கியது எதற்கு?

இப்போது ஒற்றை வரிசைக்கு வருகிறேன், எனக்குக் கோபம் அதிகம் வந்தது இதில்தான். நாங்கள் ஆர்டர் கொடுத்தது அழுத்தமில்லாமல் வரிசையாக்கும் முறைக்கு. அதில் ஐந்தாறு செயின்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும், ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கொஞ்சம் வேகமாக. சாய்வான கைடு ரெயில் பாட்டில்களை மெதுவான செயினிலிருந்து வேகமான செயினுக்குத் தள்ளிக்கொண்டே போகும், வேகம் கூடும்போது பாட்டில்களுக்கு நடுவே இடைவெளி விழும், அந்த இடைவெளியில் பக்கத்துப் பாட்டில் வந்து நுழைந்துகொள்ளும். 70 மில்லிமீட்டர் பாட்டில் நிமிடத்துக்கு 120 ஒற்றை வரிசையில் போக வேண்டுமென்றால் செயின் குறைந்தது நிமிடத்துக்கு 8.4 மீட்டர் ஓட வேண்டும். அதே பாட்டில்கள் நான்கு வரிசையாக வரும்போது 2.1 மீட்டர் போதும். அந்த 2.1லிருந்து 8.4க்குப் படிப்படியாக ஏற்றுவதுதான் மொத்த வித்தையும்.

எங்களுக்கு வந்ததில் ஒரே மோட்டாரில், ஒரே வேகத்தில் ஓடும் இரண்டு செயின். மேலே புனல் மாதிரி குறுகும் கைடு ரெயில். கொட்டேஷனில் இருந்த பெயரை மட்டும் அப்படியே இதற்கு வைத்துவிட்டார்கள்.

புனலில் என்ன ஆகும் என்பது லைனில் நின்றவர்களுக்குத் தெரியும். பின்னால் இருக்கும் கூட்டம் முழுவதும் முன்னால் இருக்கும் பாட்டிலைத் தள்ளுகிறது. புனலின் குறுகிய வாய்ப்பகுதியில் இரண்டு மூன்று பாட்டில்கள் ஒன்றையொன்று முட்டி வளைவாகப் பூட்டிக்கொள்ளும், செயின் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும், ஒரு பாட்டிலும் நகராது. பின்னாலிருந்து இன்னும் தள்ளினால் பூட்டு இன்னும் இறுகும். உருண்டைப் பாட்டிலாவது ஒரு தட்டுத் தட்டினால் விடும். ஓவல் விடாது. அதன் ஓரங்கள் ஒன்றின் மேல் ஒன்று சரிந்து ஏறி, ஆப்பு அடித்தது போல ரெயிலுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும், மெல்லிய பாட்டில் என்றால் நசுங்கி மூடி ஓரத்தில் கசியும். ஓவலைக் கூட்டமாகச் சேர்த்து வைத்துவிட்டுப் பிறகு ஒற்றை வரிசையாக்குவது இந்தத் துறையில் எல்லாருக்கும் தெரிந்த தலைவலி. அப்படிப்பட்ட பாட்டிலை வரிசை கலையாமலே சேமிக்கும் சுருள் வடிவக் கன்வேயர் இருக்கிறது, விலை அதிகம்தான், ஆனால் அதையாவது எங்களிடம் சொல்லியிருக்கலாம். டிராயிங்கையும் சாம்பிளையும் கையில் வைத்துக்கொண்டு "ஓடும்" என்று எழுதிக் கொடுத்தவர்களுக்கு இது தெரியாது என்று நான் நம்பவில்லை.

கடைசியில் அந்த இடத்தில் ஒரு ஆபரேட்டர் கையில் குச்சியோடு ஷிஃப்ட் முழுக்க நிற்க வேண்டியதாயிற்று. ஒரு நாள் குச்சியை விட்டுவிட்டுக் கையாலேயே பாட்டிலை எடுக்கப் போனவருடைய கையுறை செயினுக்கும் டெட் பிளேட்டுக்கும் (செயின் முடியும் இடத்தில் இருக்கும் நகராத தகடு) நடுவில் இருக்கும் இடைவெளியில் சிக்கியது. உதறிக் கையை எடுத்துவிட்டார், விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவசர நிறுத்தப் பொத்தான் எங்கே இருந்தது தெரியுமா? டேபிளின் அந்தப் பக்கம், பேனலில். அடிக்கடி ஜாம் ஆகும் இடத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் பொத்தானோ இழுக்கும் கயிறோ இல்லாமல் ஒரு மெஷினை ஒப்படைப்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை. அன்றைக்கே நாங்கள் செலவு செய்து அங்கே ஒன்று வைத்தோம்.

பேட்ச் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) விஷயமும் சொல்ல வேண்டும். வட்ட டேபிளில் ஓரம் வேகமாகவும் நடுப்பகுதி மெதுவாகவும் நகரும், மையத்தில் மாட்டிய பாட்டில் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். முதலில் வந்தது முதலில் போகும் என்ற உறுதி கிடையாது. பேட்ச் மாறும்போது பழைய பாட்டில் புதியதோடு கலந்து வந்ததை லேபிளுக்குப் பின்னால் சோதனையில் பிடித்தோம். இப்போது ஒவ்வொரு பேட்ச் முடிவிலும் டேபிளைக் கையால் காலி செய்கிறோம். உங்கள் பொருளுக்குப் பேட்ச் முக்கியம் என்றால் முதலில் வந்தது முதலில் போகும் வகையைத்தான் கேட்க வேண்டும்.

ஃபிரேம் 304 ஸ்டெயின்லெஸ் என்று இருந்தது, தண்ணீர் அடித்துக் கழுவத் தொடங்கியதுமே வெல்டிங் ஓரங்களில் மட்டுமல்ல, சாதாரணத் தகட்டிலும் துருப்புள்ளி. சர்வீஸுக்கு வந்தவர் ஒரு காந்தத்தை வைத்துக் காட்டி, "ஒட்டவில்லை பாருங்கள், 304தான்" என்றார். நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிச் செய்யும் 201 தரமும் காந்தத்தில் ஒட்டாது. மாங்கனீசைக் காட்டும் சொட்டுத் திரவம் கிடைக்கிறது, அதை விட்டுப் பார்த்தோம், நிறம் மாறியது. அதன் படத்தை அனுப்பினோம், பதில் இல்லை.

அவர்களின் சர்வீஸைப் பற்றி நீளமாக எழுத எதுவும் இல்லை. வருவார்கள், சென்சாரின் டைமரை மாற்றுவார்கள், அவர்கள் நிற்கும்வரை உருண்டைப் பாட்டில் ஓடும், போய்விடுவார்கள். டைமரை எவ்வளவு மாற்றினாலும் என்ன, வெளியேறும் கன்வேயரில் வேகத்தை மெல்லக் கூட்டிக் குறைக்கும் டிரைவே இல்லை, ஒரே ஒரு சென்சாரை வைத்துப் படாரென்று நின்று படாரென்று கிளம்புகிறது, உயரமான ஓவல் அந்தக் குலுக்கலில் குறுகிய பக்கமாகச் சாய்கிறது. பிறகு "ஃபில்லர் ஸ்பீடை 90க்குக் குறையுங்கள்" என்றார்கள். அதற்கும் பிறகு, "பாட்டில் டிசைன்தான் பிரச்சினை, மாற்றுங்கள்" என்றார்கள். நாங்களே சரி செய்துகொள்கிறோம் என்று பிஎல்சி (மெஷினை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) புரோகிராமைக் கேட்டால் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருக்கிறது. மீதிப் பணம் 10 சதவீதத்தைக் கட்டினால்தான் பாஸ்வேர்டாம். அந்த 10 சதவீதம்தான் எங்கள் கையில் இருக்கும் ஒரே பிடி, அதைக் கொடுப்பதாக இல்லை.

இப்போதைக்கு ஓவல் பாட்டிலை டேபிளுக்குள் விடாமல் நேராக லேபிள் மெஷினுக்கே அனுப்புகிறோம், அதற்கு ஒரு பைபாஸ் செயின் போட்டிருக்கிறோம். உருண்டைக்காகப் புனலைக் கழற்றிவிட்டு, வேறு ஒரு ஆளை வைத்துத் தனித்தனி டிரைவோடு நான்கு செயின் போட வேலை நடக்கிறது. முதல் இரண்டு செயின் ஓடத் தொடங்கியதிலிருந்தே குச்சிக்கு வேலை குறைந்துவிட்டது.

இந்த வேலைக்கு நாங்கள் போட்ட ஆர்டரில் எழுதிய வாசகத்தைக் கீழே தருகிறேன். எண்களை உங்கள் லைனுக்கு ஏற்றபடி மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள், பாட்டிலின் டிராயிங்கையும் கூடவே இணைத்து இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்குங்கள்:

"வாங்குபவர் தரும் பாட்டில்களில், நிரப்பி மூடிய நிலையில், நிமிடத்துக்கு 120 என்ற வேகத்தில் சோதனை நடக்கும். லேபிள் மெஷினை 2 நிமிடம் நிறுத்தும்போது ஃபில்லர் நிற்கக் கூடாது. மறுபடி ஓட்டியபின் 15 நிமிடத்துக்குள் டேபிள் காலியாக வேண்டும். சோதனை முழுவதும் யாரும் பாட்டிலைத் தொடக் கூடாது. இதே சோதனை அனுப்புவதற்கு முன் ஒரு முறையும், வாங்குபவர் இடத்தில் நிறுவியபின் ஒரு முறையும் நடக்கும். முதல் சோதனை தேறாமல், மெஷினை அனுப்பும்போது தர வேண்டிய பணம் கிடையாது. பாஸ்வேர்டு இல்லாத பிஎல்சி புரோகிராமும் மின்சுற்றுப் படமும் மெஷினோடு வர வேண்டும். மொத்தத் தொகையில் 30 சதவீதம் இரண்டாவது சோதனை தேறிய பிறகே தரப்படும்."