பாஸிவ் எஃப்டிபி: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

வாடிக்கையாளர்களின் இணையதளங்கள் ஓடும் லினக்ஸ் கிளவுட் சர்வர் ஒன்றில் சில வருடங்களாக விஎஸ்எஃப்டிபிடி என்ற எஃப்டிபி (ஃபைல் பரிமாற்ற) சர்வர் மென்பொருளை வைத்திருக்கிறேன். மென்பொருளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ராம் அதிகம் தின்னாது, போட்டது போட்டபடி ஓடும். நேரத்தை விழுங்குவது பாஸிவ் மோடு அமைப்புதான்.

புகார் பெரும்பாலும் ஒரே மாதிரி வரும்: "லாகின் ஆகுது சார், ஃபோல்டர் லிஸ்ட் வரமாட்டேங்குது." லாகின் நடப்பது 21-ஆம் போர்ட்டில் (போர்ட் என்பது சர்வரின் இணைப்பு வாசல் எண்), லிஸ்ட்டும் ஃபைலும் வருவது வேறொரு இணைப்பில். ஆக்டிவ் மோடில் அந்த இரண்டாம் இணைப்பைச் சர்வர்தான் தொடங்கும், வீட்டு ரவுட்டர் உள்ளே விடாது. பாஸிவில் சர்வர் தன் முகவரியையும், நாம் கான்ஃபிக்கில் கொடுத்த வரம்பிலிருந்து ஒரு போர்ட் எண்ணையும் சொல்லும், பயனர் அங்கே வந்து இணைவார்.

சர்வர் இப்படிச் சொல்வது லாகில் 227 என்று தொடங்கும் பதிலாக இருக்கும், அதைப் படித்தாலே பாதிச் சிக்கல் பிடிபட்டுவிடும். அடைப்புக்குறிக்குள் 172,31,20,5,195,149 என்று இருக்கிறது என்று வையுங்கள். முதல் நான்கும் ஐபி முகவரி. கடைசி இரண்டும் போர்ட்: 195-ஐ 256-ஆல் பெருக்கி 149-ஐக் கூட்டினால் 50069. சரி, போர்ட் நாம் கொடுத்த 50000–50100 வரம்புக்குள்தான் இருக்கிறது. ஆனால் 172.31 கிளவுடின் உள் முகவரி, வெளியிலிருந்து யாரும் அங்கே போக முடியாது. கான்ஃபிக் ஃபைலில் பாஸிவ் முகவரியாகப் பொது ஐபியை எழுதினால் தீர்ந்தது. அந்த ஐபி நிலையானதாக இருக்க வேண்டும். இல்லையென்றால், சர்வரை நிறுத்தி எழுப்பும் ஒரு நாளில் பழைய முகவரியையே எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கும்.

இதில் பயனர் பக்க எஃப்டிபி மென்பொருளான ஃபைல்ஜில்லா ரொம்ப நல்ல பிள்ளை. உள் முகவரி வந்தால் அதை ஒதுக்கிவிட்டு, தான் ஏற்கெனவே இணைந்திருக்கும் முகவரிக்கே போய்விடும். இணையதள நிரல்மொழியான பிஎச்பியின் எஃப்டிபி வசதியோ வழக்கமாகச் சர்வர் சொன்னதை அப்படியே நம்பும். எனவே "எனக்கு ஃபைல்ஜில்லாவில் வருதே" என்பதை நான் சோதனையாக எடுத்துக்கொள்வதில்லை.

வரம்பை இரண்டு இடத்தில் திறக்க வேண்டும்: சர்வரின் ஃபயர்வால், கிளவுட் பேனலில் இருக்கும் ஃபயர்வால். இரண்டாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். இணைப்பை மறைகுறியாக்கும் டிஎல்எஸ் இல்லாத காலத்தில் லினக்ஸின் கனெக்‌ஷன் டிராக்கிங் (இணைப்புகளைக் கண்காணிக்கும் பகுதி) 227 பதிலைத் தானே படித்து அந்தப் போர்ட்டைத் திறந்துவிடும் வசதி உண்டு. டிஎல்எஸ் போட்டதும் பதில் மறைகுறியாகிவிடும், ஃபயர்வாலுக்கு எதுவும் தெரியாது. "எஸ்எஸ்எல் போட்டதும் எஃப்டிபி நின்றுபோச்சு" என்று (டிஎல்எஸ்ஸைத்தான் பழைய பெயரில் எஸ்எஸ்எல் என்கிறார்கள்) வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது போர்ட் வரம்பைத்தான். டிஎல்எஸ்ஸைக் கழற்றுவது மட்டும் தீர்வே அல்ல. பாஸ்வேர்டு வெறும் எழுத்தாகவே வெளியே போகும்.

சிறிய சர்வருக்கு இந்த நூறு போர்ட் தாராளம். சிபேனல் என்ற ஹோஸ்டிங் பேனலில் ப்யூர்எஃப்டிபிடி என்ற இன்னொரு எஃப்டிபி சர்வரை வைத்திருப்பவர்கள் 49152–65534 என்ற அகன்ற வரம்பைப் பார்த்திருப்பார்கள். ஒரே சர்வரில் நிறையக் கணக்குகள் இருக்கும் இடத்துக்கு அது பொருந்தும், எனக்குத் தேவைப்படவில்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு இப்போது எஸ்எஸ்எச் இணைப்பு வழியாகவே ஃபைல் அனுப்பும் எஸ்எஃப்டிபிதான் கொடுக்கிறேன். 22-ஆம் போர்ட் ஒன்றே போதும், பாஸிவ் தொல்லையே கிடையாது. எஃப்டிபி மட்டுமே தெரிந்த சில சிசிடிவி கேமராக்களும் ஒரு பழைய பில்லிங் மென்பொருளும் இருப்பதால் பாஸிவ் வரம்பை இன்னும் மூடவில்லை.