லாவண்டரா, வெட்டிவேரா, அத்தரா? பண்டிகைக்கு நன்றி சொல்ல எந்த வாசனை எண்ணெய்?

தீபாவளியில் தொடங்கி கிறிஸ்துமஸ், பொங்கல் என்று போகும் இந்தச் சில மாதங்களில் எங்கள் வேலூரில் வீட்டுக்கு வீடு ஸ்வீட் பாக்ஸ்தான் போய்வருகிறது. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர் ஒருவராவது இல்லாத வீடு இப்போது அபூர்வம், ஆனாலும் அரைக் கிலோ மைசூர்பாக்கைக் கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் வருகிறோம். அதனால் எசென்ஷியல் ஆயில், அதாவது செடிகொடிகளிலிருந்து எடுக்கிற வாசனை எண்ணெய், கொடுக்கலாமா என்று யாராவது கேட்டால் தாராளமாகக் கொடுக்கலாம் என்றுதான் சொல்வேன். அதுவும் இது ஆஸ்பத்திரி ஊர். வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் ராத்திரி துணைக்கு உட்காருகிற சித்தி, நாள் தவறாமல் கேரியரில் சாப்பாடு கொடுத்தனுப்புகிற பக்கத்து வீட்டு அக்கா, எந்த நேரத்துக்குக் கூப்பிட்டாலும் வருகிற ஆட்டோ அண்ணன் என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் நன்றிக்கடன் ஒரு பட்டியல் இருக்கும். அவர்களுக்குக் கொடுப்பது அவர்கள் அன்றாடம் எடுத்துப் பயன்படுத்துகிற பொருளாக இருக்கவேண்டும் என்பது என் ஆசை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம். ஆறு பாட்டில் கிஃப்ட் செட் வேண்டாம். அந்தப் பணத்துக்கு ஒரே ஒரு எண்ணெய், கலப்படமில்லாததாக, பரிசு பெறுகிறவரின் வழக்கத்துக்கு ஏற்றதாகப் பார்த்து வாங்குங்கள். நம் ஊர் வெயிலுக்கும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் என்று வரும்போது என் ஓட்டு வெட்டிவேருக்கு.

முதலில் அந்த செட்டைப் பார்ப்போம், ஏனென்றால் ஆன்லைனில் தேடினால் முதலில் வந்து நிற்பது அதுதான். லாவண்டர், டீ ட்ரீ, பெப்பர்மின்ட், எலுமிச்சை, ஆரஞ்சு, யூகலிப்டஸ் என்று ஆறு குட்டி பாட்டில்கள், அழகான டப்பா. பரிசு பெறுகிறவர் அதில் ஒன்றிரண்டைத்தான் திறப்பார், மீதி பீரோவில் கிடக்கும். எலுமிச்சை, ஆரஞ்சு எண்ணெய்களை வெயிலடிக்கிற அறையில் வைத்தால் ஒரு கோடைக்குள் வாசனை மாறிப்போகும், அப்படிப் பழசான எண்ணெய் தோலில் பட்டால் அரிக்கும். தோலைப் பிழிந்து எடுத்த எலுமிச்சை எண்ணெய்க்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. அதைக் கையில் தடவிக்கொண்டு வெளியே போனால் வெயில் பட்ட இடம் வெந்து கறுத்துவிடும். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிற வேலூரில் இதைச் சொல்லாமல் யாருக்கும் கொடுக்கக் கூடாது. டீ ட்ரீ எண்ணெய் பூனைக்கும் நாய்க்கும் விஷம், அது தெரியாமல் செல்லப்பிராணி வளர்க்கிற வீட்டுக்கு அந்த செட்டைக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

வேறு சில செட்டுகளில் இன்னொன்றையும் கவனியுங்கள். மல்லிகை, சந்தனம், எலுமிச்சைப்புல் மூன்றும் ஒரே அளவு, ஒரே விலை என்று போட்டிருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம். புல்லிலிருந்து எண்ணெய் எடுப்பது எளிது, விலையும் குறைவு. மல்லிகைப்பூவை ஆவியில் வடித்தால் அதன் வாசனையே கெட்டுவிடும், அதனால் கரைப்பான் போட்டுத்தான் எடுக்கிறார்கள், அதற்கு மலை மலையாகப் பூ வேண்டும். உலகத்து பெர்ஃப்யூம் கம்பெனிகளுக்கு மல்லிகைச் சாறு அனுப்புகிற முக்கியமான இடங்களில் நம் தமிழ்நாடும் ஒன்று, ஆனாலும் அந்தச் சாறு சல்லிசாகக் கிடைக்கவே கிடைக்காது. 99 ரூபாய் மல்லிகை ஆயில் என்பது செயற்கை வாசனை. அது ஊதுபத்தி மாதிரி அறைக்கு இருந்துவிட்டுப் போகட்டும், உடம்பில் தடவச் சொல்லி யாருக்கும் கொடுக்காதீர்கள்.

சரி, லாவண்டருக்கு வருகிறேன். எசென்ஷியல் ஆயில் என்றாலே பலருக்கு ஞாபகம் வருவது இதுதான். பல்கேரியாவிலும் பிரான்சிலும் அதிகமாக விளைகிறது, நம் நாட்டில் ஜம்மு பக்கம் பதர்வாவில் மத்திய அரசின் ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர் ஊக்கத்தில் நிறைய விவசாயிகள் இப்போது போடுகிறார்கள். மனசைக் கொஞ்சம் ஆசுவாசப்படுத்தும் என்பதற்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது, தூக்க மாத்திரைக்குப் பதில் என்று நினைக்க வேண்டாம். வாங்கும்போது லேபிளில் லாவண்டுலா அங்குஸ்டிஃபோலியா என்ற செடிப்பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். லாவண்டின் என்று இன்னொரு கலப்பினம் இருக்கிறது, மலிவானது, கற்பூர நெடி தூக்கலாக இருக்கும், அதையும் லாவண்டர் என்றே விற்றுவிடுவார்கள். காலேஜ் போகிற தங்கைக்கும் ஐடி வேலையில் இருக்கிற நண்பருக்கும் லாவண்டர் பிடிக்கும். ஆனால் அறுபதைத் தாண்டிய ஓர் அத்தையிடம் கொடுத்துப் பாருங்கள், சோப்பு வாசனை என்று சொல்லி ஓரமாக வைத்துவிடுவார். அவருக்கு அந்த வாசனையோடு எந்தப் பழக்கமும் இல்லை.

வெட்டிவேர் அப்படியில்லை. கோடையில் மண்பானைத் தண்ணீரில் வெட்டிவேர் முடிச்சைப் போட்டுக் குடித்து வளர்ந்தவர்கள் நாம். நாட்டு மருந்துக் கடையில் கட்டுக் கட்டாகக் கிடைக்கிற பொருள். வேர் பெரும்பாலும் கடலூர்ப் பக்கத்து மணல் நிலத்தில் விளைகிறது, நட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனபிறகுதான் தோண்டுவார்கள். எண்ணெய் வடிப்பதும் பொறுமையான வேலை. எலுமிச்சைப்புல் சில மணி நேரத்தில் முடிந்துவிடும், வெட்டிவேர் ஒரு நாள்கூடப் பிடிக்கும், ஏனென்றால் அந்தக் கனமான வாசனைப் பொருள்கள் ஆவியோடு சீக்கிரம் கிளம்பி வராது. அதே காரணத்தால்தான் துணியிலும் தோலிலும் வைத்தால் நாள் முழுக்க நிற்கிறது. எலுமிச்சை எண்ணெய்போல வைத்தால் கெடுவதும் இல்லை, சந்தனமும் வெட்டிவேரும் வருஷம் போகப் போக வாசனை மெருகேறுகிற ரகம். குறை என்று பார்த்தால் மூன்று. விலை லாவண்டரை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும், எண்ணெய் பிசுக்கென்று கெட்டியாக இருப்பதால் துளிக் குப்பியில் மெதுவாகத்தான் இறங்கும், வெள்ளைத் துணியில் பட்டால் பழுப்புக் கறை.

இதைக் கொடுக்க எனக்குப் பிடித்த வழி ஒன்று இருக்கிறது. 10 மில்லி வெட்டிவேர் எண்ணெயை அப்படியே பாட்டிலோடு நீட்டாமல், மரச்செக்கு நல்லெண்ணெய் 100 மில்லி எடுத்து அதில் சுமார் 20 துளி விட்டு, கருப்பட்டி நிறக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றிக் கொடுங்கள். 20 துளி ஏறக்குறைய ஒரு மில்லி, அதாவது நூற்றுக்கு ஒரு பங்கு, பெரியவர்கள் உடம்புக்கு இதுவே போதும். பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், வாசனை எண்ணெய்கள் சில பிளாஸ்டிக்கைக் கரைக்கும். தீபாவளி விடியற்காலை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது சித்தி அதை எடுத்துத் தலையில் வைத்தால், நீங்கள் கொடுத்தது அவர் செய்கிற காரியத்துக்குள்ளேயே போய்விட்டது. புதிதாக ஒரு பழக்கத்தை அவர் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை, வாசனையை அறையில் பரப்புகிற டிஃப்யூசர் மெஷின் வாங்க வேண்டியதில்லை. மெஷினைப் பற்றிச் சொன்னால், நம் வீடுகளில் ஃபேன் முழு வேகத்தில் ஓடும், ஜன்னல் திறந்திருக்கும், அது விடுகிற புகை எந்தப் பக்கம் போகிறது என்றே தெரியாது. பஞ்சில் ஒரு துளி வைத்துத் தலைமாட்டில் வைத்தாலே அந்த வேலை நடக்கும்.

எண்ணெயைக் கையில் கொடுக்கக் கூடாது, சனிக்கிழமை கொடுக்கக் கூடாது என்று பார்க்கிற வீடுகள் நம்மிடம் நிறைய. அதோடு வாதம் செய்ய வேண்டாம். தாம்பூலத் தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், ஒரு முழம் பூவோடு பாட்டிலையும் வைத்து, தட்டாக நீட்டுங்கள். அவர்கள் மனமும் கோணாது, பார்க்கவும் லட்சணமாக இருக்கும்.

அடுத்த ஜோடி நீலகிரித் தைலமும் எலுமிச்சைப்புல் எண்ணெயும். இரண்டும் விலை குறைந்தவை, பத்துப் பேருக்குக் கொடுக்க வேண்டுமென்றால் இவைதான் கட்டுப்படியாகும். ஊட்டிக்கு டூர் போனவர்கள் எல்லோரும் தைலம் வாங்கி வருகிறோம், அதனால் அது ஏற்கெனவே எல்லா வீட்டிலும் இருக்கிறது என்பதுதான் அதன் முதல் குறை. இரண்டாவது குறை பெரியது. சின்னக் குழந்தை ஒரு டீஸ்பூன் அளவு குடித்துவிட்டாலே வலிப்பு வரை போகலாம், மூக்கிலோ நெஞ்சிலோ கைக்குழந்தைக்குத் தடவவும் கூடாது. வலிப்பு நோய் இருக்கிறவர்களுக்குக் கற்பூரமும் யூகலிப்டஸும் ஆகாது. தீப்பிடிக்கிற எண்ணெயும்கூட, விளக்குக்கும் மத்தாப்புக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். மார்கழிப் பனியில் மூக்கடைப்புக்குக் கைக்குட்டையில் ஒரு துளி என்றால் அருமையான பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் கைக்குழந்தை தவழ்கிற வீட்டுக்கு நான் கொடுக்க மாட்டேன்.

எலுமிச்சைப்புல் எண்ணெய்க்குக் கேரளம் பேர்போனது, அங்கே ஓடக்காலியில் அதற்கென்றே தொடங்கிய பழைய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வாசனைக்குக் காரணமான சிட்ரால் அதில் முக்கால் பங்கு அளவுக்கு இருக்கும். தோலில் நேராகத் தடவினால் எரியும், அதனால் உடம்புக்கு என்று கொடுக்க வேண்டாம். ஆனால் ஒரு பக்கெட் தண்ணீரில் சில துளி விட்டுத் தரை துடைத்தால் வீடே பளிச்சென்று மணக்கும். புதுமனை புகுந்தவர்களுக்கு, கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன தம்பி வீட்டுக்கு, இது தைலத்தைவிட நல்ல பரிசு என்பேன்.

சந்தனம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய வட ஆற்காட்டுக்காரர்களுக்குச் சந்தனம் சொந்தச் சரக்கு. ஜவ்வாது மலையில் விளைந்த மரம், திருப்பத்தூர் அரசுக் கிடங்கில் ஏலம் போன மரம். அந்தப் பெருமையிலேயே சந்தன எண்ணெய் கொடுக்கவேண்டும் என்று தோன்றும். எனக்கும் தோன்றும். ஆனால் மரத்தின் நடு வைரத்தில்தான் எண்ணெய், அது சேரவே பதினைந்து இருபது வருஷமாகும். சுத்தமான சந்தன எண்ணெய் கிலோ ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியே ஆகிவிட்டது. கணக்குப் போட்டால் 10 மில்லி ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்து வர வழியே இல்லை. 250 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்றால் உள்ளே இருப்பது வேறு ஏதோ. விலை கட்டுப்படியானால் 2 மில்லி, 3 மில்லி குப்பியாக, சாண்டாலம் ஆல்பம் என்று செடிப்பெயர் போட்டதை வாங்குங்கள். ஆஸ்திரேலியச் சந்தனம் வேறு இனம், விலையும் மணமும் குறைவு. மலையிலிருந்து வந்தது என்று யாராவது ரகசியமாகக் கட்டை கொண்டுவந்து நீட்டினால் தொடவே தொடாதீர்கள். வெட்டவும் கொண்டுபோகவும் வனத்துறை அனுமதி வேண்டிய மரம் அது.

இதற்குப் பதில் அத்தர் என்று நினைத்தால் அது நல்ல யோசனை. மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் நண்பர்கள் இருக்கிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், ஆல்கஹால் இல்லாத வாசனை என்பதால் தொழுகைக்குப் போகும்போதும் தயங்காமல் பூசிக்கொள்வார்கள். ரம்ஜானுக்கு நண்பர் வீட்டிலிருந்து பிரியாணி வருகிறது, நீங்கள் பதிலுக்கு ஒரு குப்பி அத்தர் கொண்டுபோனால் அந்த வீட்டில் அதற்கு மதிப்புத் தெரியும். உத்தரப்பிரதேசத்தில் அத்தருக்குப் பேர்போன கன்னோஜில் பழைய முறைப்படி பூவைச் செப்புப் பானையில் போட்டு வடித்து, அந்த ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குவார்கள். சந்தனம் விலை ஏறியதும் பலர் அதற்குப் பதில் பாரஃபின் எண்ணெயில் இறக்க ஆரம்பித்துவிட்டார்கள், அதனால் எதில் இறக்கியது என்று கடைக்காரரிடம் நேராகவே கேளுங்கள். விவரமான கடைக்காரர் இரண்டு ரகத்தையும் எடுத்துக் காட்டுவார். மணிக்கட்டில் தடவிக்கொண்டு பஜாரில் வேறு வேலையைப் பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து முகர்ந்து பாருங்கள், முதல் நிமிடத்து வாசனையை வைத்து வாங்காதீர்கள். எசென்ஷியல் ஆயிலோடு ஒப்பிட்டால் அத்தருக்கு ஒரு வசதி, கலக்கவோ அளக்கவோ வேண்டாம், ஒரு துளி அப்படியே பூசிக்கொள்ளலாம். ஆண்களுக்கு என்ன கொடுப்பது என்று குழம்புகிறவர்களுக்கு, மாமனாருக்கோ பெரியப்பாவுக்கோ, நான் கை காட்டுவது இதைத்தான்.

லேசான எண்ணெய்களுக்கு வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. வெள்ளைத் தாளில் ஒரு துளி விட்டு மறுநாள் பாருங்கள். லாவண்டர், யூகலிப்டஸ், எலுமிச்சைப்புல் பறந்துபோயிருக்க வேண்டும். வடைச்சட்டி எண்ணெய் பட்டது போல வழவழவென்று கறை நின்றால் வேறு எண்ணெய் கலந்திருக்கிறார்கள். வெட்டிவேருக்கும் சந்தனத்துக்கும் இது பொருந்தாது, அவை இயல்பிலேயே நிற்கும்.

எதைக் கொடுத்தாலும் கூடவே தமிழில் நாலு வரி எழுதி ஒட்டிவிடுங்கள். என்ன எண்ணெய், எத்தனை துளி, குடிக்கக் கூடாது, கண்ணில் படக் கூடாது, முதலில் முழங்கையின் உட்புறம் தடவி ஒரு நாள் பார்க்க வேண்டும், குழந்தைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். ஆங்கில லேபிளைப் படிக்க முடியாத ஆயாவுக்கு அந்தத் துண்டுக் காகிதம்தான் பாதுகாப்பு.

யாருக்குக் கொடுக்கவே கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆஸ்துமா இருக்கிறவர்கள், மாசமாக இருக்கிறவர்கள், கீமோ போட்டுக்கொண்டிருக்கிறவர்கள். கீமோவில் இருப்பவருக்கு நேற்றுவரை பிடித்த வாசனையே இன்று குமட்டும். இந்த ஊரில் அப்படி ஒருவர் இருக்கிற வீடு உங்களுக்கும் தெரிந்திருக்கும். அங்கே போகும்போது நீங்களும் அத்தர் பூசாமல் போங்கள். அவரைப் பார்த்துக்கொள்கிற மகளுக்கு ஏதாவது கொடுக்க ஆசையாக இருந்தால், வாசனை சேர்க்காத செக்கு நல்லெண்ணெய் ஒரு பாட்டில், ஒரு நல்ல காட்டன் துண்டு, அப்புறம் ஒரு ராத்திரி நான் துணைக்கு இருக்கிறேன், நீ வீட்டுக்குப் போய்த் தூங்கு என்று ஒரு வார்த்தை.