இடையா, இடையமா: அறிக்கையில் எதை எழுதுவது?

திருக்கடலூர்க் கரையில் நின்று படகுக்காரரிடம் மீன்பிடியைக் கேட்டெழுதி வரும் பிள்ளைகள், அறிக்கை எழுத உட்கார்ந்ததும் தடுமாறுவது இதில்தான்.

ஐந்து படகுகள் 12, 14, 15, 17, 92 கிலோ கொண்டுவந்ததாக வைத்துக்கொள்வோம். கூட்டினால் 150; அதை ஐந்தால் வகுத்தால் வரும் சராசரி, அதாவது இடை, 30. ஆனால் 30 கிலோவுக்குக் கிட்ட ஒரு படகும் இல்லை! சூரை நிறையப் பட்ட ஒரே படகு கணக்கை மேலே இழுத்துவிட்டது. சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் நடுவில் நிற்கும் எண்தான் இடையம்; இங்கே அது 15. “வழமையாக ஒரு படகுக்கு எவ்வளவு படும்?” என்ற கேள்விக்கு அதுவே நேர்மையான பதில். 92 கிலோ 192 ஆனாலும் இடையம் அசையாது.

கரைக்கு வந்த மொத்த மீனை மதிப்பிட என்றால் இடைதான் வேண்டும். இடையத்தை ஐந்தால் பெருக்கினால் 75 கிலோ, அதாவது பாதிதான் வரும்.

எண்கள் எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்று காட்ட, இடையோடு நியம விலகலையும் (எண்கள் இடையிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகி நிற்கின்றன என்பது), இடையத்தோடு காலணையிடை வீச்சையும் (நடுவிலுள்ள பாதி எண்கள் எவ்வளவு அகலத்தில் பரந்துள்ளன என்பது) சேர்த்தெழுதுங்கள்.

இந்தத் தரவுக்கு என் தெரிவு இடையம். அதற்காக அந்த 92ஐ அழித்துவிடாதீர்கள். பலர் முதலில் செய்வது அதைத்தான். குறிப்பேட்டைத் திறந்து, எழுதியதில் பிழையா, உண்மையில் பட்ட மீனா என்று பாருங்கள். உண்மையென்றால் அந்தப் படகைப் பற்றி அறிக்கையில் ஒரு வரி எழுதுங்கள்.