'என்' ஸ்கேல் ரயில் செட்: ஒன்றரை வருடம் இரண்டு பேர் ஓட்டிப் பார்த்த பிறகு

மாடல் ரயில் செட் வாங்கலாமா, வாங்கினால் வீட்டில் இருப்பவரும் சேர்ந்து ஓட்டுவாரா, இல்லை நாம் மட்டும் தரையில் உட்கார்ந்து வேடிக்கை காட்டிக்கொண்டிருக்க வேண்டுமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். செட் நல்ல செட்தான், வாங்கலாம். ஆனால் பெட்டிக்குள் இருப்பதை வைத்து ஒரு ஆள்தான் விளையாட முடியும். இரண்டாவது ஆளுக்கு வேண்டியதைத் தனியாகத்தான் வாங்க வேண்டும், அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. கம்பெனி பெயரை எழுதவில்லை, ஏனென்றால் நான் சொல்லப்போகும் குறைகளில் பாதி எந்த ஸ்டார்ட்டர் செட்டை எடுத்தாலும் இருக்கும், மீதிப் பாதி என் அவசரம்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தது. சுங்க வரி, கூரியர் எல்லாம் சேர்த்து 22,000 ரூபாய் ஆனது. வீட்டில் 12,000 என்று சொன்னேன். பிறகு பில்லை நானே மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன், அந்தக் கதை இங்கே வேண்டாம்.

பெட்டியில் என்ன இருந்தது? ஒரு என்ஜின், மூன்று பெட்டிகள், நீள்வட்டமாகப் போட வளைவும் நேருமாகத் தண்டவாளத் துண்டுகள், வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு கன்ட்ரோலர், அதற்கு ஒரு அடாப்டர், அப்புறம் பெட்டியைத் தண்டவாளத்தில் ஏற்றி வைக்க ஒரு பிளாஸ்டிக் சரிவு. "என் ஸ்கேல்" என்று நான் சொன்னதும் என் மனைவி கேட்ட முதல் கேள்வி: "அது என்ன உங்க ஸ்கேல், அப்போ என் ஸ்கேல் எங்க?" தண்டவாளத்தின் இரண்டு கம்பிகளுக்கும் நடுவே 9 மில்லிமீட்டர், அந்த 'நைன்' என்பதன் முதல் எழுத்துதான் 'என்' என்று விளக்கினேன். பிரெஞ்சில் ஒன்பதுக்கு 'நெஃப்', அதுவும் 'என்'தானே என்று அவள் சொன்னாள், புதுச்சேரிப் பள்ளியில் படித்த பிரெஞ்சு கடைசியில் ஒரு இடத்தில் உதவிவிட்டது. இன்றுவரை வீட்டில் இதற்கு 'உங்க ஸ்கேல்' என்றுதான் பெயர், கோபமில்லாத நாளில் மட்டும் 'நம்ம ஸ்கேல்'.

வாடகை வீட்டுக்கு இந்த அளவுதான் சரி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நிஜத்தை 160-ல் ஒரு பங்காகச் சுருக்கியது. நம் எக்ஸ்பிரஸ் வண்டிகளில் ஓடும் 23.5 மீட்டர் நீள எல்.ஹெச்.பி. பெட்டி இதில் 15 சென்டிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. 20 பெட்டி கோத்தால் மூன்று மீட்டர், எங்கள் முத்தியால்பேட்டை வீட்டு ஹாலே அவ்வளவுதான். இதைவிடப் பெரிய, அதிகம் பேர் வாங்குகிற அளவான ஹெச்.ஓ.வில் 87-ல் ஒரு பங்கு, அதே வண்டிக்கு ஐந்தரை மீட்டர் வேண்டும், சமையலறைக்குள் போய்த்தான் திரும்பும்.

முதல் நாளே ஒரு கண்டம் இருந்தது. அடாப்டரைச் சுவரில் செருகப் போனேன், அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அடாப்டரின் முதுகில் எறும்பு எழுத்தில் 100 வோல்ட் என்று இருந்தது, நம் சுவரில் 230. ஜப்பான் வீடுகளில் 100 வோல்ட்தான் என்று எனக்குத் தெரியும், தெரிந்த விஷயம் அந்த நேரத்தில் ஞாபகம் வர வேண்டுமே. அவள் பல் செட் செய்யும் லேபில் வேலை பார்க்கிறவள், எந்த மிஷினாக இருந்தாலும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் செருகுவாள். அதே வோல்ட், அதே ஆம்பியர், அதே பின் கொடுக்கிற வேறு அடாப்டர் ஒன்றை எலக்ட்ரானிக்ஸ் கடையில் வாங்கிய பிறகுதான் வண்டி ஓடியது. ஜப்பானிலிருந்து எது வரவழைத்தாலும் முதலில் அந்த எறும்பு எழுத்தைப் படியுங்கள்.

அடுத்தது பலகை. மரக்கடையில் 6 அடிக்கு 2 அடி பிளைவுட் சொல்லி அறுத்து வாங்கி வந்துவிட்டேன். செட்டில் வந்த வளைவின் ஆரம் 315 மில்லிமீட்டர், அதாவது வட்டத்தின் குறுக்களவு 630, அதற்கு மேல் ஜல்லி மாதிரி செய்த அடிப்பாகம் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும், மொத்தம் 655 வரும். 2 அடி என்பது 610. வண்டி வளைவில் பலகைக்கு வெளியே தொங்கிக்கொண்டு போகும். தையல் டேப்பை எடுத்து அவள் அளந்து காட்டினாள், நான் ஒன்றும் பேசவில்லை. கடையில் போய் இரண்டரை அடியில் இன்னொன்று அறுத்து வந்தோம், பழையது இப்போது பரணில் அட்டைப்பெட்டிகளைத் தாங்குகிறது. 282 மில்லிமீட்டர் ஆரத்திலும் வளைவுத் துண்டுகள் கிடைக்கின்றன, அது 2 அடிக்குள் அடங்கும், நான் அப்போது அதைப் பார்க்கவில்லை.

சரி, ஓடியது. அழகாக ஓடியது. தண்டவாளத் துண்டுகள் 'டிக்' என்று மாட்டிக்கொள்கிற விதம்தான் இந்தச் செட்டிலேயே சிறந்த விஷயம், ஆணி வேண்டாம், பசை வேண்டாம், கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிடலாம். முதல் அரை மணி நேரம் இரண்டு பேரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகு அவள் எழுந்து போய்விட்டாள்.

"செக்குமாடு மாதிரி சுத்திக்கிட்டே இருக்கு. எங்கங்க போய்ச் சேருது?"

எனக்கு அது குறையாகவே தெரிந்ததில்லை. நான் கடலூர்க்காரன். திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் வண்டி ஒரு பக்கம் வரும், நிற்கும், இன்னொரு பக்கம் போகும், போன வண்டி மறுபடி வரும், அது எனக்கு ரயில். அவள் புதுச்சேரி. 1879-ல் விழுப்புரத்திலிருந்து போட்ட பாதை அவள் ஊரோடு முடிகிறது. அங்கே ரயில் என்றால் வந்து சேர்வது, எல்லோரும் இறங்குவது, என்ஜினைக் கழற்றுவது, அது பக்கத்து லைனில் போய்ச் சுற்றிக்கொண்டு வந்து பின்பக்கம் மாட்டுவது. சின்ன வயதில் அப்பாவோடு வில்லியனூர் வழியாக ஊர் திரும்பும்போது என்ஜின் கழற்றுவதைப் பார்க்காமல் வீட்டுக்கு வரமாட்டாளாம். அதாவது நான் 22,000 ரூபாய்க்கு வாங்கி வந்தது என்னுடைய ஊர் ரயிலை மட்டும். அவளுடைய ரயில் அந்தப் பெட்டியில் இல்லவே இல்லை.

இதுதான் இந்த ரிவ்யூவின் முக்கியமான இடம், ஆகவே விளக்கமாகச் சொல்கிறேன். நீள்வட்டம் மட்டும் கொடுக்கிற செட்டில் செய்வதற்கு ஒன்றுமில்லை, குமிழைத் திருகுவதோடு வேலை முடிந்தது. முடிகிற ஸ்டேஷன் ஒன்று வைத்தால்தான் கைக்கு வேலை வருகிறது. அதற்கு எங்களுக்கு மூன்று பாயின்ட் (ஒரு பாதை இரண்டாகப் பிரிகிற தண்டவாளத் துண்டு) தேவைப்பட்டது, நீள்வட்டத்திலிருந்து பிரிய ஒன்று, என்ஜின் சுற்றி வர இரண்டு. பலகையின் முன் ஓரத்தில் மிச்சமிருந்த நான்கு அங்குலத்தில் அவள் புதுச்சேரியைப் போட்டாள். நான் வரைந்து கொடுத்த பிளானைத் தொடவே இல்லை, துண்டுகளைத் தரையில் பரப்பி, மாட்டி, கழற்றி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க அவளே செய்தாள். அன்று சமையல் நான், ரசம் மட்டும்.

முடித்துப் பார்த்தால் புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு நேராக ரயில்! நிஜத்தில் பல வருடமாகப் பேச்சிலேயே இருக்கிற பாதை. இன்றைக்கும் ரயிலில்தான் போவேன் என்று அடம் பிடித்தால் 38 கிலோமீட்டர் விழுப்புரம் போய், வண்டி மாறி, மறுபடி கிழக்கே வரவேண்டும். பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் என் அம்மா வீட்டு வாசலில் இறங்கிவிடலாம். பலகையில் பதினோரு வினாடி.

என்ஜினிலிருந்து பெட்டியைக் கழற்றுவதுதான் பெரிய பாடு. இந்த அளவில் கொக்கி ஒரு அரிசி மணியை விடச் சின்னது, என் விரல் பட்டால் மூன்று பெட்டியும் சாய்ந்துவிடும். அவள் லேபிலிருந்து மெழுகு செதுக்குகிற சின்னக் கத்தி ஒன்றை எடுத்து வந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, கொக்கிக்கு அடியில் அதன் வளைந்த முனையை விட்டு, லேசாக ஒரு தூக்கு. என்ஜின் தனியாக நகரும், பெட்டி அசையாது. நான் முயன்றால் இப்போதும் நாலு தடவைக்கு ஒரு தடவைதான் வருகிறது. ஆகவே புதுச்சேரி ஸ்டேஷன் முழுக்க அவள் பொறுப்பு, நான் அங்கே கை வைப்பதில்லை.

அடுத்த குறை, ஜோடியாக ஓட்டுகிறவர்களுக்குப் பெரிய குறை: ஒரே கன்ட்ரோலர். சாதாரண டி.சி. செட் எப்படி வேலை செய்கிறது என்றால், தண்டவாளத்துக்கே மின்சாரம் போகிறது, அதிகபட்சம் 12 வோல்ட், வோல்ட்டைக் கூட்டினால் வேகம், பிளஸ் மைனஸை மாற்றினால் பின்னோக்கி. ஒரு என்ஜின் என்றாலும் இரண்டு என்றாலும் எல்லாம் ஒரே குமிழுக்குத்தான் ஓடும். ஒருவர் ஓட்ட இன்னொருவர் பார்க்க வேண்டும், எத்தனை நாள் பார்ப்பது? டி.சி.சி. என்று ஒன்று இருக்கிறது, ஒவ்வொரு என்ஜினுக்குள்ளும் தனக்கு வந்த கட்டளையை மட்டும் கேட்கிற ஒரு சின்ன டீகோடர், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், ஆளுக்கொரு ரிமோட். காசு இருப்பவர்கள் நேராக அதற்கே போங்கள். நாங்கள் பழைய வழியைப் பிடித்தோம். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே இரண்டு கம்பியிலும் உலோக இணைப்பை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் இணைப்பு போட்டால் மின்சாரம் அங்கே அறுந்துவிடும். இந்தப் பக்கம் என் கன்ட்ரோலர், அந்தப் பக்கம் அவளுடையது.

வண்டி எல்லையைத் தாண்டும்போது இரண்டு பேரும் ஒரே திசையில், கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் வைத்திருக்க வேண்டும். ஒருவர் முன்னே, ஒருவர் பின்னே என்று வைத்திருந்தால் சக்கரம் அந்த இடைவெளியில் ஏறியதும் ஷார்ட், இரண்டு கன்ட்ரோலரும் கட். முதல் வாரம் தினமும் இதுதான், தினமும் யார் மேல் தப்பு என்ற பஞ்சாயத்தும். பிறகு லைன் கிளியர் முறையைக் கொண்டுவந்தோம். அந்தக் காலத்தில் ஒற்றைப் பாதையில் டோக்கன் பந்தைப் பையில் போட்டு, பெரிய வளையத்தோடு டிரைவர் கையில் கொடுப்பார்கள், அது கையில் இல்லாமல் வண்டி கிளம்பாது. எங்களுக்கு அவளுடைய கண்ணாடி வளையல். வளையல் யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்கிற திசை. ஒன்று உடைந்துவிட்டது, இப்போது பிளாஸ்டிக் வளையல்.

கடற்கரை ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தண்டவாளம் நிக்கல் சில்வர், பெயரில்தான் சில்வர், உண்மையில் செம்பும் நிக்கலும் துத்தநாகமும். துரு பிடிக்காது, ஆனால் கருக்கும். பத்து நாள் ஓட்டாமல் விட்டால் என்ஜின் விட்டு விட்டு ஓடும், முன் விளக்கு மினுக்கும். நான் கொரோனா காலத்தில் மிஞ்சிய சானிடைசரைத் துணியில் நனைத்துத் துடைத்தேன், அதில் கிளிசரின் இருக்கிறது, பிசுபிசுவென்று படிந்து சக்கரம் வழுக்கியது, மேட்டில் வண்டி ஏறவே இல்லை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வாங்குங்கள், பஞ்சு வேண்டாம், நூல் விடாத துணியில் துடையுங்கள். சக்கரத்தை மறக்காதீர்கள், கருப்பு அங்கேதான் அதிகம் சேர்கிறது.

ஃபெஞ்சல் புயல் சமயத்தில் கரன்ட் இல்லாத ராத்திரி, 12 வோல்ட் பேட்டரி ஒன்றைக் கன்ட்ரோலருக்குக் கொடுத்து ஓட்டினோம். ஜன்னல் அடித்துக்கொண்டிருந்தது. அறையில் வெளிச்சம் என்றால் என்ஜினின் முன் விளக்கு மட்டும்தான். அது புதுச்சேரியில் நுழையும்போது அவள் லேப் பிளாஸ்டரில் வார்த்த பிளாட்பாரத்தின் ஓரம் ஒரு நொடி வெள்ளையாகத் தெரியும், அப்புறம் இருட்டு. அன்றைக்கு யாரும் வளையல் கேட்கவில்லை.

நம் ஊர் வண்டி இந்த அளவில் ரெடிமேடாகக் கிடைப்பது அரிது, அதை எதிர்பார்த்து வாங்காதீர்கள். எனக்கு 2010-க்கு முன் எங்கள் ஊரில் ஓடிய மீட்டர் கேஜ் வேண்டும். 1000 மில்லிமீட்டரை 160-ல் வகுத்தால் 6.25, இசட் ஸ்கேல் தண்டவாளம் 6.5, அதன் மேல் இந்த அளவுப் பெட்டியை வைத்தால் கச்சிதமாக இருக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். "அதுக்கு எவ்வளவு?" என்றாள். சொன்னேன். இந்த முறை உண்மையான விலையைத்தான் சொன்னேன். செட்டில் வந்த மூன்று பெட்டியில் ஒன்றை எடுத்துச் செங்காவி நிறம் அடித்துக் கொடுத்துவிட்டு, இதை வைத்துச் சமாளிங்க என்றாள்.

செட்டுக்கு ஐந்துக்கு மூன்றரை. மூன்று பாயின்ட்டும் இரண்டாவது கன்ட்ரோலரும் சேர்ந்தால் நாலரை, ஆனால் அதற்குச் செட் விலையில் பாதிக்கு மேல் ஆகும், அதையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள், வீட்டிலும் சேர்த்தே சொல்லுங்கள். மேட்டில் ஏறுமா, ரிட்டர்ன் எடுப்பார்களா என்று கேட்க நினைப்பவர்கள் கேளுங்கள், ஞாயிறு வரை பதில் போட நேரம் இருக்கும். வில்லியனூரில் புதுப் பிளாட்பாரம் வார்த்திருக்கிறாள், காயும் வரை எல்லா வண்டியும் ரத்து என்று போர்டு வைத்துவிட்டாள்.